சூரியனுக்குள் நுணுக்கமாக ஒன்றும் தெரியவில்லை, கருவியை மாற்ற வேண்டுமா?

களுதாவளை_பௌதிகம் எழுதியது:

வணக்கம். உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன், இருப்பது மட்டக்களப்பில் களுதாவளை. வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் தான் பாவித்த 40 மி.மீ. ஹைட்ரஜன் ஆல்ஃபா (ஹைட்ரஜனின் சிவப்பு ஒளிக்கோட்டில் மட்டும் காட்டும்) சூரியத் தொலைகாட்டியை எங்களுக்கென்று விட்டுவிட்டுப் போனார். குவியத் தூரம் 400 மி.மீ., பட்டையகலம், அதாவது உள்ளே விடும் அலைநீள வீச்சு, 1 ஆங்ஸ்ட்ரமுக்குக் (0.1 நனோமீற்றர்) கொஞ்சம் குறைவு. இது தவிரப் பள்ளிக்கூடத்தில் 80 மி.மீ. சாதாரண வில்லைத் தொலைகாட்டி ஒன்றும் கிடக்கிறது.

பிரச்சினை என்னவென்றால், சனிக்கிழமைகளில் வகுப்பு முடிந்து பதினொரு மணிக்குப் பிறகு பள்ளிக்கூட மேல்மாடித் தட்டில் வைத்துப் பார்க்கிறோம். சிவப்பு வட்டம் வருகிறது, ஓரத்தில் சுவாலை ஒன்றிரண்டு தெரிகிறது, பிள்ளைகளுக்கு அதுவே பெரிய சந்தோசம். ஆனால் வட்டத்தின் உள்ளே பார்த்தால் கரும்புள்ளி இருக்கும் இடத்தில் ஒரு மங்கல், அவ்வளவுதான். இழைகள் இல்லை, புள்ளியைச் சுற்றிச் சுருண்டு நிற்கும் கோடுகள் இல்லை. வட்டத்தின் ஓரமும் ஒரு இடத்தில் நிற்காமல் கொதித்துக்கொண்டே இருக்கிறது. இதே 40 மி.மீ. கருவியால் குளிர்நாடுகளில் இருப்பவர்கள் எடுத்த படங்களைப் பார்த்தால் நெருப்புப் புல்வெளி மாதிரி ஒவ்வொரு நாரும் தெரிகிறது.

இதை விற்றுவிட்டுக் கொஞ்சம் காசு சேர்த்து 60 மி.மீ. வாங்குவதா, இல்லை அலைநீளத்தை வடிக்கும் எட்டலான் என்ற பாகத்தில் இரண்டாவது ஒன்றைச் சேர்ப்பதா? எங்கள் பக்கத்துக் காலநிலையில் அனுபவம் உள்ள அண்ணாமார், நானாமார் யாராவது சொல்லுங்கள். பள்ளிக்கூடக் காசு, யோசிக்காமல் செலவழிக்க முடியாது.

வாவிக்கரை (கொக்கட்டிச்சோலை) எழுதியது:

சேர், கருவியை விற்க வேண்டாம். முதலில் நேரத்தையும் இடத்தையும் மாற்றிப் பாருங்கள், அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

பதினொரு மணிக்கு மேல்மாடிச் சீமெந்துத் தட்டில் வெறுங்காலோடு நிற்க முடியுமா? அந்தச் சூடு முழுக்க உங்கள் வில்லைக்கு முன்னால்தான் எழும்பிப் போகிறது. இரவில் நட்சத்திரம் பார்ப்பவர்களுக்கு மேலே உயரத்தில் ஓடும் காற்றுதான் பெரிய தொல்லை. பகலில் சூரியனைப் பார்ப்பவனுக்கோ கெடுதல் பெரும்பாலும் நிலத்தோடு ஒட்டிய முதல் சில மீற்றருக்குள் நடக்கிறது. சுட்ட நிலத்திலிருந்து சூடான காற்றுக் குமிழிகளாக மேலே வரும், குளிர்ந்தது கீழே இறங்கும், இரண்டுக்கும் ஒளிமுறிவுச் சுட்டி வேறு. நீங்கள் பார்க்கும் கொதிப்பு அதுதான். கூடுதல் பெருக்கம் போட்டால் கொதிப்பும் சேர்ந்து பெருகும்.

பெரிய ஆய்வுகூடங்கள் இதை எப்படிச் சமாளித்தன என்று பார்த்தால் நமக்கு ஒரு வழி கிடைக்கும். கலிபோர்னியாவில் பிக் பேர் சூரிய ஆய்வுகூடத்தை ஏரிக்குள்ளேயே கட்டியிருக்கிறார்கள், அங்கே இப்போது 1.6 மீற்றர் தொலைகாட்டி இருக்கிறது. இந்தியாவில் உதய்ப்பூர் சூரிய ஆய்வுகூடம் ஃபத்தே சாகர் ஏரிக்குள் ஒரு சின்னத் தீவில் நிற்கிறது, 1970களில் தொடங்கியது. அழகுக்காக அப்படிக் கட்டவில்லை. தண்ணீர் மெதுவாகத்தான் சூடாகும், அதனால் அதன் மேல் உள்ள காற்று கலங்காமல் படிந்து கிடக்கும். பார்வைக் கோடு தண்ணீருக்கு மேலால் போனால் படம் நின்று கொடுக்கும்.

அந்த இரண்டு இடத்திலும் ஒரு ஏரியைத் தேடிப் போனார்கள். எங்களுக்கு 56 கிலோமீற்றர் நீளத்தில் மட்டக்களப்பு வாவி வாசலிலேயே கிடக்கிறது, அதை விட்டுவிட்டுச் சீமெந்தில் ஏறி நிற்கிறோம். இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், இனியும் சொல்வேன்.

வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கம், கொக்கட்டிச்சோலையிலோ அம்பிளாந்துறையிலோ கரையில் நின்றால் கிழக்கே முழுக்கத் தண்ணீர், காலைச் சூரியன் அதற்கு மேலால் ஏறி வரும். உங்கள் எழுவான்கரையில் வாவி மேற்கே இருப்பதால் காலையில் அந்த வசதி இல்லை, ஆனால் கடற்கரை இருக்கிறது. மணல் சூடேறும் முன் அங்கே நல்லாகத்தான் தெரியும், உப்புக்காற்று வில்லையில் படியும் என்பதால்தான் நான் அதை இரண்டாவதாகச் சொல்கிறேன். பெரும்போகத்தில் வயலில் தண்ணீர் கட்டி நிற்கும்போது வயல் வரம்பும் நல்ல இடம்.

நேரம் காலை ஏழேகாலில் இருந்து ஒன்பது, ஒன்பதேகால் வரை. எங்கள் அகலக்கோட்டில் சூரியன் கிட்டத்தட்ட நேரே மேலே ஏறும், மணிக்குப் பதினைந்து பாகை அளவில். உதித்து ஒன்றரை மணி நேரத்தில் 20 பாகையைத் தாண்டிவிடும். அதற்குக் கீழே இருக்கும்போது மிகத் தடித்த காற்றுக்கூடாகப் பார்க்க வேண்டும், அது சரிவராது. அதற்குப் பிறகு நிலம் சூடேறும்வரை கிடைக்கும் அந்தச் சின்ன இடைவெளிதான் எங்களுக்குரியது. பெப்ரவரி தொடக்கம் ஏப்ரல் வரை காலைகள் அருமை. ஜூன், ஜூலை, ஓகஸ்டில் கச்சான் காற்று (தென்மேற்கிலிருந்து வரும் வறண்ட சுடுகாற்று) அடிக்கத் தொடங்கினால் கருவியைப் பெட்டிக்குள் வையுங்கள், அந்த நாட்களில் இன்னும் முந்திப் பார்த்து முடிக்க வேண்டும்.

இன்னொன்று, கருவியை வீட்டுக்குள்ளிருந்து கொண்டுவந்த உடனே பார்க்க வேண்டாம். அரை மணி நேரமாவது நிழலில் வெளியே இருக்கட்டும். நிற்பது தார் வீதியோ சீமெந்தோ இல்லாமல் புல்லாக இருந்தால் போதும்.

அக்கரை_ஒளி (அக்கரைப்பற்று) எழுதியது:

வாவிக்கரை அண்ணன் சொன்னது சரி, ஆனால் முழுக்கச் சரி என்று நான் சொல்லமாட்டேன். சேர் இரண்டு குறை சொல்லியிருக்கிறார், இரண்டுக்கும் காரணம் வேறு. ஓரம் கொதிப்பது காற்றால். வட்டத்தின் உள்ளே வெறுமையாகத் தெரிவது பெரும்பாலும் கருவியைச் சுருதி சேர்க்காததால்.

கணக்கைப் பாருங்கள். 656.28 நனோமீற்றர் ஒளியில் 40 மி.மீ. வில்லை பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய கோணம் சுமார் 4 வில்விநாடி. சூரியனில் ஒரு வில்விநாடி என்றால் ஏறக்குறைய 725 கி.மீ., ஆகவே உங்கள் கருவி 3000 கி.மீ. அளவுக்குப் பிரிக்கும். பூமியின் விட்டத்தில் நாலில் ஒரு பங்கு. ஒரு இழை பத்தாயிரக்கணக்கான கிலோமீற்றர் நீளம் இருக்கும், கரும்புள்ளியைச் சுற்றிய சுருள்களும் அப்படித்தான். பதினொரு மணிக் காற்றிலும் அவை முழுக்க மறைந்துபோகக் கூடாது. மறைகிறதென்றால் எட்டலான் சரியான அலைநீளத்தில் நிற்கவில்லை.

எட்டலான் என்பது மிகச் சமதளமான இரண்டு கண்ணாடித் தட்டுகள், நடுவில் நூலிழை அளவுகூட இல்லாத இடைவெளி. அந்த இடைவெளிக்குப் பொருந்திய அலைநீளம் மட்டும் கடந்து வரும். ஹைட்ரஜன் ஆல்ஃபா கோடே ஒரு ஆங்ஸ்ட்ரம் அளவு அகலம்தான். நீங்கள் அரை ஆங்ஸ்ட்ரம் தள்ளி நின்றால் நிறமண்டலம் என்ற மேலடுக்கின் ஒளி குறைந்து கீழே இருக்கும் ஒளிமண்டலம் என்ற பிரகாசமான அடுக்கின் ஒளி உள்ளே புகுந்து எல்லாவற்றையும் கழுவிவிடும். ஓரத்துச் சுவாலை மட்டும் தெரிவது அதனால்தான், அதற்குப் பின்னால் கறுப்பு வானம் இருக்கிறது, போட்டிக்கு ஒளி இல்லை. உண்மையில் இழையும் சுவாலையும் ஒரே பொருள், ஓரத்தில் நின்றால் பிரகாசமாகவும் வட்டத்தின் மேல் வந்தால் கருங்கோடாகவும் தெரியும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். குழாயின் நடுவில் உள்ள வளையத்தை மிக மெதுவாக, ஒரு மயிரிழை திருப்பி, கொஞ்சம் பொறுத்து, மறுபடி திருப்பி முழு வீச்சையும் பாருங்கள். ஓரத்தில் சுவாலை மிகப் பிரகாசமாக இருக்கும் இடத்தில் நிறுத்திவிடாதீர்கள், வட்டத்தின் உள்ளே கரடுமுரடு கூடும் இடம் அதற்குச் சற்றுத் தள்ளி இருக்கும். தலையையும் கண்வில்லையையும் சேர்த்து ஒரு கறுப்புத் துணியால் மூடிக்கொண்டு பாருங்கள், இது மிக முக்கியம், எங்கள் ஊர் வெயிலில் பக்கத்து வெளிச்சம் கண்ணை அடித்துவிடும், இருட்டில் ஐந்து நிமிடம் பொறுத்தால் அதே கருவியில் இரட்டிப்பு விவரம் வரும். பெருக்கம் 40, 50 மடங்குக்கு மேல் வேண்டாம்.

சுருதி சேர்க்கப் பழகியபின் வேண்டுமென்றே நீலப் பக்கம் கொஞ்சம் தள்ளிப் பாருங்கள். அரை ஆங்ஸ்ட்ரம் தள்ளினால் எங்களை நோக்கி விநாடிக்கு 23 கி.மீ. வேகத்தில் வரும் வாயு மட்டும் எடுப்பாகத் தெரியும். சிவப்புப் பக்கம் தள்ளினால் விலகிப் போகும் வாயு. ஒரு இழை வெடித்துக் கிளம்பும்போது நடுக்கோட்டில் மறைந்து நீலப் பக்கத்தில் தோன்றும். டொப்ளர் விளைவை உயர்தரப் பிள்ளைகளுக்கு இதைவிட நன்றாக எந்தக் கரும்பலகையிலும் காட்ட முடியாது சேர்.

60 மி.மீ. பற்றி: துவாரம் கூடக் கூடக் காற்றின் கலக்கம் கூடுதலாகத் தெரியும். 40இல் காற்று தாங்காத இடத்தில் 60ஐ வைத்தால் இன்னும் ஏமாற்றம்தான். இரண்டாவது எட்டலான் சேர்த்தால் பட்டையகலம் குறைந்து மேற்பரப்பு விவரம் நிச்சயம் கூடும், ஆனால் வட்டம் இருண்டுபோகும், விலையும் கருவியின் விலைக்குக் கிட்ட வரும். அது பிறகு.

களுதாவளை_பௌதிகம் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. அந்த வளையத்தைச் சுவாலை பிரகாசமாகத் தெரியும் இடத்தில் வைத்து நிறுத்திவிடும்படி எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள், அதற்கு அங்கால் யாரும் போனதில்லை. கறுப்புத் துணி இன்றே எடுத்து வைத்துவிட்டேன். அம்பிளாந்துறைக்கு ஞாயிறு காலை பிள்ளைகள் சிலரோடு போகலாம் என்று பெற்றோரிடம் கேட்டிருக்கிறேன்.

இன்னும் இரண்டு கேள்வி. படம் எடுப்பதற்குக் குறைந்த செலவில் என்ன வழி? அந்த 80 மி.மீ. கருவியின் முன்னால் வெள்ளொளிப் படலம் (சூரிய ஒளியைக் குறைக்கும் தடுப்புப் படலம்) போட்டால் உண்மையில் எவ்வளவு தெரியும்?

கல்முனை_கமெரா எழுதியது:

படம் எடுப்பது பற்றி நான் சொல்கிறேன். கைத்தொலைபேசியைக் கண்வில்லைக்குப் பின்னால் பிடித்து எடுத்தால் ஞாபகத்துக்கு ஒரு படம் கிடைக்கும், நுணுக்கம் கிடைக்காது. சிவப்பு ஒளி மட்டும் வருவதால் நிறக் கமெராவில் நாலில் ஒரு பங்குப் புள்ளிகள்தான் வேலை செய்யும். கறுப்பு வெள்ளைக் கோள் கமெராவாகப் பாருங்கள், பாவித்ததே போதும். 178 வகைச் சில்லு உள்ள கமெராவில் ஒரு புள்ளி 2.4 மைக்ரோமீற்றர், உங்கள் கருவி எஃப் 10 (குவியத் தூரம் துவாரத்தின் பத்து மடங்கு), இரண்டும் அப்படியே பொருந்தும், பார்லோ (விம்பத்தைப் பெருக்கும் இடைவில்லை) தேவையில்லை. சூரிய விம்பம் சில்லில் 3.7 மி.மீ. அளவுதான் விழும், முழு வட்டமும் அடங்கும். ஒரு சிக்கல் வரலாம், இந்தச் சிறு கருவிகள் சிலவற்றில் கமெரா குவியத்துக்கு எட்டாது. அப்போது பார்லோவின் வில்லைப் பகுதியை மட்டும் கழற்றிக் கமெராவின் மூக்கில் திருகினால் எட்டும், விம்பம் கொஞ்சம் பெரிதாகும்.

ஒரு படமாக எடுக்காதீர்கள். ஒரு நிமிட வீடியோ எடுங்கள், ஆயிரம் இரண்டாயிரம் சட்டகங்கள் வரும். ஃபயர்கெப்சர் அல்லது ஷார்ப்கெப் இரண்டும் எடுப்பதற்கு, ஆட்டோஸ்டாக்கர்ட் என்பது நல்ல சட்டகங்களைப் பொறுக்கி அடுக்குவதற்கு. காற்று ஒரு கணம் நிற்கும் நேரங்கள் எப்போதும் உண்டு, அந்தக் கணங்களில் விழுந்த பத்து வீதத்தை மட்டும் எடுத்து மற்றதைத் தள்ளிவிட வேண்டும். ஒரு நிமிடம் இழுத்தால் சூரியனே மாறிவிடுமோ என்று சிலர் பயப்படுவார்கள். விநாடிக்கு 20 கி.மீ. வேகத்தில் ஒரு பொருள் நகர்ந்தாலும் நிமிடத்துக்கு 1200 கி.மீ.தான், உங்கள் கருவி பிரிப்பதோ 3000. ஆகவே தாராளமாக ஒரு நிமிடம் எடுக்கலாம்.

படத்தில் வரிக்குதிரை மாதிரி வளைவுகள் வரும், அவை நியூட்டன் வளையங்கள். ஒரே அலைநீள ஒளி கமெராவின் கண்ணாடிக்கும் சில்லுக்கும் நடுவில் எதிரொளித்து உண்டாவது. கமெராவைச் சற்றே சாய்க்கும் இணைப்பான் ஒன்று போட்டால் போய்விடும். வெளிச்சம் ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறைவதைச் சரிசெய்ய, வில்லைக்கு முன்னால் கசங்கிய வெள்ளைச் சொப்பிங் பேக் ஒன்றைப் பிடித்துக்கொண்டு தனியாக ஒரு வீடியோ எடுத்து மென்பொருளில் கொடுக்க வேண்டும்.

தாங்கி பற்றி யாரும் சொல்லவில்லை. துருவ அச்சுள்ள தாங்கியை ஆசைப்பட்டு வாங்க வேண்டாம். நாங்கள் இருப்பது வடக்கே ஏழரைப் பாகை அளவில், பல தாங்கிகள் அவ்வளவு கீழே சாயாது, சாய்ந்தாலும் எதிர்ப்பாரம் முக்காலியின் காலில் இடிக்கும். மேலும் கீழும், இடமும் வலமும் திரும்பும் சாதாரண மோட்டார்த் தாங்கியில் சூரிய வேகம் என்று தெரிவு செய்தால் போதும். ஒரு நிமிட வீடியோவுக்குள் விம்பம் சுழல்வது கணக்கில் வராது. ஏப்ரல் இரண்டாம் வாரமும் செப்டெம்பர் முதல் வாரமும் நடுப்பகலில் சூரியன் எங்கள் உச்சந்தலைக்கு நேரே வரும், அப்போது அந்தத் தாங்கி திண்டாடும், ஆனால் நடுப்பகலில் பார்க்கத்தான் போவதில்லையே.

வெள்ளொளி பற்றி: 80 மி.மீ. கருவி பச்சை ஒளியில் 1.7 வில்விநாடி பிரிக்கும், அதாவது 1200 கி.மீ. சூரிய மேற்பரப்பு முழுக்க நிறைந்திருக்கும் கொதிக்குமிழ்கள் 1000 தொடக்கம் 1500 கி.மீ. அகலமானவை, ஒவ்வொன்றும் பத்து நிமிடம் அளவில் தோன்றி மறையும். எல்லையில் நிற்கிறீர்கள். நல்ல காலையில் அரிசி தூவியது போன்ற ஒரு கரடு தெரியும். கரும்புள்ளியின் கருநிழலும் அதைச் சுற்றிய அயல்நிழலும் நிச்சயம் தெரியும். பாடர் நிறுவனத்தின் படலத்தில் 5.0 என்று குறித்தது கண்ணால் பார்ப்பதற்கு, ஒரு இலட்சத்தில் ஒரு பங்கு ஒளியை மட்டும் விடும். 3.8 என்று இன்னொன்று விற்பார்கள், அது கமெராவுக்கு மட்டும், கண் வைக்கக் கூடாது. படலத்துக்குப் பதிலாகக் கண்வில்லைக்கு முன் வைத்து ஒளியின் பெரும்பகுதியை வெளியே திருப்பும் ஹேர்ஷல் முப்பட்டகம் இதைவிடக் கூரான படம் தரும், ஆனால் சூரியனின் முழு வெப்பமும் குழாய்க்குள் வரும், பிள்ளைகள் சூழ்ந்து நிற்கும் இடத்தில் நான் அதை வைக்கமாட்டேன்.

ரீச்சர்_மட்டுநகர் எழுதியது:

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்று வாசித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை சேர். நுணுக்கம் எல்லாம் இரண்டாவது.

முன் படலத்தை ஒவ்வொரு முறையும் போடுமுன் சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள், ஊசித்துளை ஒன்று தெரிந்தாலும் எறிந்துவிட வேண்டும். படலத்தின் சட்டகத்தைக் குழாயோடு ஒட்டுநாடாவால் கட்டுங்கள், வாவிக்கரைக் காற்று ஒரு வீச்சில் கழற்றிக்கொண்டு போய்விடும், அந்த நேரம் ஒரு பிள்ளையின் கண் பின்னால் இருக்கும். 80 மி.மீ. கருவியின் மேல் இருக்கும் சின்னக் குறிபார்ப்பானை முழுதாகக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். பழைய கருவிப் பெட்டிக்குள் கண்வில்லையில் திருகும் கறுத்தக் கண்ணாடி ஒன்று சூரியனுக்கென்று போட்டு வந்திருந்தால் அதை உடைத்துப் புதைத்துவிடுங்கள். அது குவிந்த வெப்பத்தில் வெடிக்கும். இரவில் நெபுலா எடுக்கப் பாவிக்கும் ஹைட்ரஜன் ஆல்ஃபா பில்டரையும் சூரிய பில்டரையும் பெயரைப் பார்த்து ஒன்றென்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இரவுப் பில்டர் சூரியனுக்கு முன்னால் ஒன்றுமே இல்லாததற்குச் சமம்.

2019 டிசெம்பர் 26 கிரகணத்தன்று யாழ்ப்பாணம், திருகோணமலைப் பக்கம் கங்கணமாகவும் எங்களுக்குப் பகுதியாகவும் தெரிந்தது. அன்று எக்ஸ்ரே படத்தையும் இறுவட்டையும் கண்ணில் பிடித்துக்கொண்டு தெருவில் நின்ற பிள்ளைகளை நான் கண்டேன். விழித்திரையில் வலி தெரியாது, எரிந்தபிறகுதான் தெரியும். ஒவ்வொரு வகுப்பிலும் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

இருபது பிள்ளைகள் வந்தால் ஒரு கண்வில்லைக்குப் பின்னால் வரிசையில் நிற்கவே காலை முடிந்துவிடும். ஒரு சிறு வில்லைத் தொலைகாட்டியில் சூரிய விம்பத்தை வெள்ளைத்தாளில் விழுத்திக் காட்டினால் எல்லோரும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். கலிலியோ 1612இல் கரும்புள்ளிகளை வரைந்தது இந்த வழியில்தான், சொல்லிக் கொடுத்தவர் அவரது மாணவர் கஸ்தெல்லி. 15 செ.மீ. வட்டம் ஒன்றை அச்சடித்து ஆளுக்கொன்று கொடுங்கள், புள்ளிகளைப் பென்சிலால் குறிக்கட்டும். அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் குறித்தால் புள்ளி நகர்வது தெரியும், ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் போகப் பதின்மூன்று நாளளவு ஆகும், அதிலிருந்து சூரியன் சுற்றும் காலத்தைப் பிள்ளைகளே கணக்கிடுவார்கள். யாராவது ஒருவர் குழாயின் பக்கத்திலேயே நின்று யாரும் கண்வில்லைக்குள் எட்டிப் பார்க்காமல் காவல் நிற்க வேண்டும். அதை ஒரு பிள்ளையிடம் ஒப்படைக்காதீர்கள், பெரியவர் நிற்கட்டும்.

வந்தாறுமூலை_நிறமாலை எழுதியது:

பள்ளிக்கூடக் காசு என்பதால் இன்னொரு வழியையும் சொல்லி வைக்கிறேன். 60 மி.மீ. ஹைட்ரஜன் ஆல்ஃபாவுக்குக் கொடுக்கும் காசில் சிறு பங்கில் சோல்எக்ஸ் என்ற நிறமாலைக் கருவியை நீங்களே பூட்டலாம். கிறிஸ்தியான் புய்ல் என்ற பிரெஞ்சுக்காரர் வடிவமைத்து எல்லோருக்கும் திறந்துவிட்டது. உடலை முப்பரிமாண அச்சியந்திரத்தில் அடிக்கலாம், உள்ளே ஒரு ஒடுக்கமான பிளவு, மில்லிமீற்றருக்கு 2400 கோடுள்ள கீற்றணி, இரண்டு சிறு வில்லைகள். உங்கள் 80 மி.மீ. கருவியின் பின்னால் மாட்டி, கறுப்பு வெள்ளைக் கமெரா ஒன்றை வைத்து, சூரியனைப் பிளவுக்குக் குறுக்கே ஓடவிட்டு வீடியோ எடுத்தால் மென்பொருள் கோடு கோடாக அடுக்கி முழுச் சூரியனையும் கட்டித் தரும்.

அரை ஆங்ஸ்ட்ரமைவிட ஒடுக்கமான பட்டை கிடைக்கும். ஹைட்ரஜன் மட்டுமில்லை, 393.4 நனோமீற்றர் கல்சியம் கோடும் எடுக்கலாம், காந்தப்புலம் கூடிய இடமெல்லாம் அதில் வெள்ளையாகப் பூத்திருக்கும். இந்த முறை 1890களில் அமெரிக்காவில் ஹேலும் பிரான்சில் தெலாந்திரும் தனித்தனியே கண்டது. தமிழ்நாட்டுக் கொடைக்கானல் ஆய்வுகூடத்தில் 1900களின் தொடக்கத்தில் இருந்து சூரியனை இப்படித்தான் படமெடுத்து வந்தார்கள். கரும்புள்ளியின் அயல்நிழலில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை எவர்ஷெட் என்ற ஆய்வாளர் 1909இல் கண்டதும் அங்கேதான், கோடுகள் சற்றே சாய்ந்திருப்பதை வைத்து. நாங்கள் இருக்கும் இடத்திலிருந்து கடல் தாண்டினால் அந்த மலை, எங்கள் பிள்ளைகள் அதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

குறையும் சொல்ல வேண்டும். கண்ணால் பார்க்க முடியாது, திரையில்தான். காற்று கலங்கினால் வட்டத்தின் ஓரம் வாள்பல் போல் வரும், ஆகவே வாவிக்கரை சொன்ன காலைநேரம் இதற்கும் வேண்டும்.

சூரியச் சுழற்சி பற்றியும் ஒரு வார்த்தை. கரும்புள்ளிகள் கூடிக் குறையும் சுழற்சிகளில் 25ஆவது, அதன் உச்ச காலத்துக்கு வந்துவிட்டதாக நாசாவும் அமெரிக்கக் கடல், வளிமண்டல நிறுவனமான நோவாவும் 2024 ஒக்டோபரில் அறிவித்தன. இறங்குமுகத்திலும் பெரிய வெடிப்புகள் வரும், ஆனால் புள்ளிகள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே போகும். ஆகவே கருவி வாங்கக் காசு சேரும்வரை காத்திருக்காமல் இருப்பதை வைத்து இப்போதே பாருங்கள்.

வாவிக்கரை (கொக்கட்டிச்சோலை) எழுதியது:

அக்கரை நானா சுருதி பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், இரண்டும் சேர்ந்தால்தான் படம். நான் விட்ட ஒன்று ஈரம். எங்கள் காற்றில் ஈரமும் உப்பும் கலந்திருக்கிறது, இந்தக் கருவிகளின் பூச்சுகளுக்கு அது நஞ்சு. பழைய கருவிகள் சிலவற்றில் முன்வில்லையின் பொன்னிறப் பூச்சு துருப்பிடித்தது போல் திட்டுத் திட்டாகும், உள்ளே உள்ள தடுப்பு பில்டரும் பால்போல் மங்கும். அப்படி மங்கினாலும் நீங்கள் சொன்ன அதே வெறுமைதான் தெரியும், சுருதியால் சரிவராது. சேர், கருவியை வீட்டுக்குள் வைத்துக் கண்வில்லையைக் கழற்றி, ஒரு கைவிளக்கை அடித்து அந்த பில்டரைச் சாய்த்துப் பாருங்கள், அந்த நேரம் சூரியன் பக்கம் திருப்ப வேண்டாம். மங்கல் இருந்தால் அதை மட்டும் மாற்றலாம். மாற்றும்வரை அந்தக் கருவியில் யாரும் கண் வைக்க வேண்டாம். பார்த்து முடிந்ததும் காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

களுதாவளை_பௌதிகம் எழுதியது:

பில்டர் பளிச்சென்று இருக்கிறது, நல்லவேளை. ஞாயிறு காலை அம்பிளாந்துறைக் கரையில் எட்டு மணிக்கு வைத்தோம். ஓரம் கத்தியால் வெட்டியது போல் நின்றது. வளையத்தை நானா சொன்னபடி மெல்ல மெல்லத் திருப்ப, நடுவில் ஒரு நீண்ட கருங்கோடு, அதற்குக் கிட்ட ஒரு புள்ளிக்கூட்டத்தைச் சுற்றி வெண்மையாகத் திட்டு, எல்லாம் வந்தது. துணிக்குள் தலையை விட்ட பிள்ளைகள் வெளியே வர மறுத்தார்கள். எல்லோருக்கும் நன்றி.

ஒரு சந்தேகம். அந்த விவரம் வட்டம் முழுக்க ஒரே மாதிரி இல்லை. ஒரு பட்டையாக நடுப்பகுதியில் நன்றாகத் தெரிந்து இரண்டு பக்கமும் வெளிறிப் போகிறது. கருவியில் பழுதா?

அக்கரை_ஒளி (அக்கரைப்பற்று) எழுதியது:

பழுதில்லை சேர். எட்டலானுக்குள் ஒளி சாய்வாகப் போகும் இடங்களில் கடக்கும் அலைநீளம் சற்று மாறும், அதனால் இந்தச் சிறு கருவிகள் எல்லாவற்றிலும் வட்டத்தின் ஒரு பகுதிதான் ஒரே நேரத்தில் சுருதியில் இருக்கும். பார்க்க விரும்பும் புள்ளியையோ இழையையோ அந்த நல்ல பட்டைக்குள் நகர்த்திக் கொண்டுவந்து வையுங்கள், ஓரத்தில் பார்க்க வேண்டுமானால் சூரியனை அந்தப் பக்கம் தள்ளிவிட்டு வளையத்தை மறுபடி ஒரு மயிரிழை தொடுங்கள். படம் எடுக்கும்போது இரண்டு மூன்று நிலையில் எடுத்துப் பிறகு ஒட்டலாம். பட்டை எந்த இடத்தில் விழுகிறது என்று ஒருமுறை தாளில் வரைந்து கருவிப் பெட்டியின் மூடியில் ஒட்டிவிடுங்கள், அடுத்த முறை பிள்ளைகளே தேடிப் பிடிப்பார்கள்.